ஊறட்டும், முளைக்கட்டும், வேகட்டும்!

(இளம்பிள்ளையில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில், உடல்நலப் பயிற்சியின்போது பேசிய உரை)



இன்னைக்கு நான் கடன், வட்டி, தவணை பற்றிப் பேச வரவில்லை. நம்ம வீட்டு அடுப்பங்கரையில் டப்பாவில் கிடக்கிற பயறு பற்றித்தான் பேசப் போறேன். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை, கொண்டைக்கடலை. "இதுல எங்களுக்குத் தெரியாதது என்னங்க இருக்கு?" என்று நீங்க கேட்கலாம். சமைக்க எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் இருக்கிற சத்து முழுசா நம்ம உடம்பில் சேருதா என்பதுதான் கேள்வி.

ஏன் இந்தப் பேச்சு?

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அப்படின்னா, பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இரத்தம் குறைவு. நம்ம ஊரில் தறி ஓட்டுறோம், தார் சுத்துறோம், பாவு பிணைக்கிறோம். நின்னால் கண்ணு இருட்டுது, படி ஏறினால் மூச்சு வாங்குது. "வேலை அதிகம், அதான் அசதி" என்று சொல்லிட்டு ஒரு டீயும் வருக்கியும் சாப்பிட்டுட்டு மறுபடி தறிக்குப் போயிடறோம்.

கறியும் மீனும் தினம் வாங்க முடியாது. பயறு வாங்கலாம். 100 கிராம் பயறில் 20 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கு. அதே அளவு அரிசியில் 7, 8 கிராம்தான். இரும்புச் சத்தும் பயறில்தான் அதிகம். இன்னொரு விஷயம். அரிசியில் குறைவாக இருக்கிற ஒரு புரதப் பகுதி பயறில் நிறைய இருக்கு. பயறில் குறைவாக இருப்பது அரிசியில் இருக்கு. ரெண்டும் சேர்ந்தால்தான் முழுமை. நம்ம பெரியவங்க அரிசிம்பருப்பு சோறு ஆக்கினதும், களிக்குக் கொள்ளுக் கடைசல் வச்சதும் சும்மா இல்லை.

சத்துக்குப் பூட்டு

பயறில் இருக்கிற இரும்புச் சத்து ஒரு பூட்டுக்குள்ள இருக்கு. அந்தப் பூட்டுக்குப் பேர் பைட்டிக் அமிலம். விதை தன்னோட குட்டிச் செடிக்காகச் சேர்த்து வச்சிருக்கிற சேமிப்பு அது. அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடிச்சு வச்சுக்கும். நாம சாப்பிட்டாலும் அதில் பெரும்பகுதி உடம்பில் சேராமல் வெளியே போயிடும்.

தண்ணீரில் ஊறினதும் விதை விழிச்சுக்கும். முளைக்கிறதுக்காகத் தன் பூட்டைத் தானே திறக்க ஆரம்பிக்கும். ஊறினால் கொஞ்சம் திறக்கும், முளைவிட்டால் இன்னும் கொஞ்சம் திறக்கும். காய்ந்த பயறில் இல்லாத வைட்டமின் சி, முளை வரும்போது புதுசா உண்டாகும். இந்த வைட்டமின் இரும்பை உடம்புக்குள் சேர்க்க உதவி செய்யும்.

வயிறு உப்புவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கு. பயறில் நம்ம குடலால் செரிக்க முடியாத ஒரு வகைச் சர்க்கரை இருக்கு. அது பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயு ஆகுது. ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் அதில் ஒரு பங்கு வெளியே போயிடும். முளைக்கும்போது இன்னும் குறையும். "பயறு எனக்கு ஒத்துக்காதுங்க" என்று ஒதுக்கி வச்சவங்க, இப்படிச் செஞ்சு ஒரு கைப்பிடி அளவில் ஆரம்பிச்சுப் பாருங்க.

ஊறவைக்கும் முறை

முதல்ல கல், சொத்தை பொறுக்கிட்டு மூணு தடவை கழுவுங்க. மிதக்கிறதை எடுத்து எறிஞ்சிடுங்க. ஒரு டம்ளர் பயறுக்கு மூணு டம்ளர் தண்ணீர் ஊத்துங்க. பச்சைப்பயறும் தட்டைப்பயறும் 6 முதல் 8 மணி நேரம். கொள்ளு, கொண்டைக்கடலை, மொச்சை 10 முதல் 12 மணி நேரம். ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும்போது ஊறப்போட்டால் காலையில் சரியா இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் சீக்கிரம் நுரைச்சுப் புளிச்சுடும். அப்போ நேரத்தைக் குறைச்சுக்கோங்க, நடுவில் ஒருதரம் தண்ணி மாத்துங்க.

மறந்துட்டீங்களா? கவலை வேண்டாம். பயறைத் தண்ணீரில் போட்டு ரெண்டு நிமிஷம் கொதிக்க விட்டு, அடுப்பை அணைச்சு மூடி, ஒரு மணி நேரம் வைங்க. அந்தத் தண்ணியை வடிச்சுட்டுப் புதுத் தண்ணியில் வேகவைங்க.

ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோங்க: ஊறின தண்ணியைக் கொட்டணும், வெந்த தண்ணியை வச்சுக்கணும். வெந்த தண்ணியில் கரைஞ்ச சத்து இருக்கு. கொள்ளு வெந்த தண்ணியில் நாம ரசம் வைக்கிறோமே, அதுதான் சரியான வழி.

முளைகட்டும் முறை

ஊறின பயறை வடிச்சு, நல்ல தண்ணியில் ஒருதரம் அலசி, ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டுங்க. இங்கே நம்ம ஊருக்காக ஒரு வார்த்தை. தறியில் மிஞ்சின துண்டுத் துணி வீட்டில் நிறையக் கிடக்கும். சாயம் போட்ட துணியில் பயறு கட்டக் கூடாது. ஈரத்தில் சாயம் இறங்கும். சாயம் படாத வெள்ளைத் துணியை எடுத்து, கொதிக்கிற தண்ணியில் போட்டு அலசிட்டுக் கட்டுங்க.

மூட்டையைக் காற்று போகிற பாத்திரத்தில் வைங்க. 6 மணி நேரத்துக்கு ஒருதரம் சுத்தமான தண்ணி தெளிக்கணும், ஆனால் தண்ணி தேங்கக் கூடாது. பச்சைப்பயறு 12 முதல் 18 மணி நேரத்தில் முளைவிடும். தட்டைப்பயறு ஒரு நாள். கொள்ளும் கொண்டைக்கடலையும் ஒரு நாள் முதல் ஒன்றரை நாள். மார்கழிக் குளிரில் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முளை அரை அங்குலம் வந்தால் போதும். பிசுபிசுப்பு, கெட்ட வாடை, பூஞ்சை இருந்தால் யோசிக்காமல் கொட்டிடுங்க.

விதைக்கடையில் விற்கிற விதையை வாங்கி முளைகட்டவே கூடாது. அது மருந்து கலந்து விதைநேர்த்தி செஞ்ச விதை. விதைப்புக்கு மட்டும்தான். மளிகைக்கடைப் பயறோ, சொந்தக் காட்டுப் பயறோதான் சாப்பாட்டுக்கு.

பச்சையாகக் கொடுக்காதீங்க

இதுதான் இன்னைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முளைப்பயறு உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, பல வீடுகளில் அப்படியே பச்சையாகக் குழந்தைக்குக் கொடுக்கிறாங்க. மாசமாக இருக்கிற பொண்ணுக்கும் கொடுக்கிறாங்க.

பயறு முளைக்கிறதுக்கு என்ன வேணும்? ஈரமும் வெதுவெதுப்பும். நோய்க்கிருமி பெருகவும் அதேதான் வேணும். விதை மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி சாணமோ அழுக்கோ இருந்தால், துணி மூட்டைக்குள்ளே ஒரே ராத்திரியில் கிருமி கோடிக்கணக்கில் பெருகிடும். எத்தனை தரம் அலசினாலும் முழுசாப் போகாது.

2011-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் ஜெர்மனி நாட்டில் இது நடந்தது. அங்கே ஒரு பண்ணையில் முளைகட்டி விற்றதைப் பச்சையாகச் சாப்பிட்டவங்களுக்கு ரத்த பேதி வந்தது. ஏறக்குறைய 4,000 பேர் நோய்ப்பட்டாங்க. 50 பேருக்கு மேல் இறந்து போனாங்க. பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. அப்படிப் பாதிக்கப்பட்டவங்களில் பெண்கள்தான் அதிகம். எந்த விதை தெரியுமா? நம்ம அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற வெந்தயம்தான். எகிப்து நாட்டிலிருந்து வந்த வெந்தய விதையில் கிருமி இருந்திருக்கும் என்று விசாரணையில் முடிவுக்கு வந்தாங்க. ஆஸ்பத்திரி வசதி நிறைந்த நாட்டிலேயே இந்த நிலைமை.

அதனால் முளைகட்டினதை இட்லிப் பானையில் 10 நிமிஷம் நல்லா ஆவி பறக்க வேகவைங்க. வைட்டமின் சி கொஞ்சம் குறையும். பரவாயில்லை. இறக்கின பிறகு எலுமிச்சம்பழம் பிழிங்க, மாங்காய் சீவிப் போடுங்க, நெல்லிக்காய் கடிச்சுக்கோங்க. இழந்தது திரும்பி வந்துடும். பூட்டுத் திறந்தது திறந்ததுதான், வேகவைக்கிறதால அது மறுபடி பூட்டிக்காது. ஐந்து வயசுக்குக் கீழ் குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்க, நோயிலிருந்து எழுந்தவங்க, இவங்களுக்குப் பச்சை முளைப்பயறு வேண்டவே வேண்டாம்.

இப்போ கடைகளில் சிவப்பு ராஜ்மா வாங்கறோம். அதில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கு. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி வரும். அதை முளைகட்டிப் பச்சையாகத் தின்னக் கூடாது. ராத்திரி ஊறவைத்து, தண்ணியைக் கொட்டி, குக்கரில் கைவிரலில் நசுங்கும் வரை வேகவைங்க. மொச்சைக்கும் இதே கவனம் வேணும்.

வேகவில்லையா?

"எத்தனை விசில் விட்டாலும் வேகலீங்க" என்று பல பேர் சொல்றீங்க. மூணு காரணம் உண்டு. ஒண்ணு, பழைய பயறு. வெயிலிலும் ஈரத்திலும் ரொம்ப நாள் கிடந்தால் தோல் இறுகிடும். ரெண்டு, தண்ணி. போர் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம், பயறு மசியாது. குழாயில் வருகிற காவிரித் தண்ணி கொஞ்சம் எடுத்து வச்சு அதில் ஊறவைத்து வேகவைங்க. மூணு, புளியும் தக்காளியும். புளிப்பு சேர்ந்தால் பயறு இறுகும். முழுசா வெந்த பிறகுதான் புளி ஊத்தணும். ஆப்பசோடா போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி-1 வைட்டமின் அழிஞ்சுடும். அதைத் தவிருங்க.

நல்லா ஊறின பயறு, ஊறாத பயறைவிட வெகு சீக்கிரம் வேகும். அந்த அளவுக்கு சிலிண்டரும் மிச்சம், விறகும் மிச்சம்.

முளைக்கொள்ளுக் கடைசல்

ஒரு டம்ளர் கொள்ளை முளைகட்டி, தண்ணி விட்டுக் குக்கரில் வேகவைத்து வடிச்சுக்கோங்க. சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு 5 பல், வரமிளகாய் 4, கொத்தமல்லி விதை ஒரு ஸ்பூன், சீரகம் அரை ஸ்பூன், எல்லாத்தையும் எண்ணெயில் வதக்கி, உப்பும் வெந்த கொள்ளும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைங்க. சுடுசோத்துக்கும் களிக்கும் நல்லா இருக்கும். வடிச்ச தண்ணியில் புளி, மிளகு, சீரகம், பூண்டு போட்டு ரசம் வைங்க. ஒரு தடவை அடுப்பு மூட்டினால் ரெண்டு பதார்த்தம்.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீங்க. டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பை மறுபடி பிடிச்சுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும்.

சகோதரிகள் கேட்ட கேள்விகள்

கேள்வி: பயறு சாப்பிட்டால் இரும்புச் சத்து மாத்திரை வேண்டாமா?

பதில்: வேணும். இரத்தம் ரொம்பக் குறைஞ்சவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பயறு மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரையை விடாமல் சாப்பிடணும். பயறு அதுக்குத் துணை. சிறுநீரக நோய் உள்ளவங்க டாக்டரைக் கேட்டுத்தான் பயறு சாப்பிடணும்.

கேள்வி: வண்டு விழாமல் எப்படி வைக்கிறது?

பதில்: நல்லா வெயிலில் காயவைத்து, ஆறின பிறகு மூடி இறுக்கமான டப்பாவில் வேப்பிலை, வசம்பு போட்டு வைங்க. துவரைக்கு ஆயாமார் செம்மண் கட்டி வைப்பாங்க, அதுவும் நல்லது. குடோனில் மூட்டைக்கு வைக்கிற விஷ மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டு வராதீங்க. அதிலிருந்து வரும் புகை ஆளையே கொன்னுடும்.

கேள்வி: எங்க குழுவில் முளைப்பயறு பாக்கெட் போட்டு விக்கலாமாங்க?

பதில்: ஈரமான முளைப்பயறு சீக்கிரம் கெடும். குளிர்பதன வசதி இல்லாமல் விற்பது ஆபத்து. அதுக்குப் பதிலாக முளைகட்டி, வெயிலில் காயவைத்து, வறுத்து அரைச்ச மாவு விக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செஞ்ச பிறகுதான் எதையும் விற்கணும்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

சகோதரிகளே, நம்ம வீட்டில் சுண்டல் செஞ்சால் என்ன நடக்குது? வீட்டுக்காரருக்கு ஒரு தட்டு, பிள்ளைகளுக்கு, மாமனார் மாமியாருக்கு என்று பங்கு போட்டு, கடைசியில் சட்டியில் ஒட்டினதுதான் நமக்கு. இரத்தம் குறைஞ்சவளுக்குக் கடைசிப் பங்கு! இது சரியான கணக்கா? சுண்டலை இறக்கினதும் முதல்ல உங்களுக்கு ஒரு கிண்ணம், வயசுக்கு வந்த பொண்ணுக்கு ஒரு கிண்ணம் எடுத்து மூடி வச்சுட்டு, பிறகு மத்தவங்களுக்குப் பரிமாறுங்க.

வாரத்துக்கு மூணு நாள் பயறு ஊறப்போடணும் என்று ஒவ்வொரு குழுவிலும் இந்த வாரமே தீர்மானம் போட்டு, தீர்மான நோட்டில் எழுதுங்க. அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் ஒவ்வொருத்தரும், தன் குழுவில் எத்தனை பேர் செஞ்சாங்க, எத்தனை பேர் தன் பங்கைச் சாப்பிட்டாங்க என்று சொல்லணும். அதையும் நாம கணக்கில் எழுதுவோம்.