தொழிற்பயிற்சிப் பட்டியலை எழுதுவோர் யார்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்க்கச் செல்லும்போது நம் கையில் ஒரு பட்டியல் தரப்படுகிறது. ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக் என்று பிரிவுகளும், ஒவ்வொன்றுக்கும் உள்ள இடங்களும் அதில் இருக்கும். இவற்றுள் எது நல்லது என்று கேட்கிறோம். இப்பட்டியலை எழுதியவர் யார், எதைக் கொண்டு எழுதினார் என்று நாம் கேட்பதில்லை. அதனையே இன்று பேசுவதற்கு எடுத்துக்கொண்டோம்.

மத்திய அரசு 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1956இல் பயிற்சி நிலையங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மாநிலத்திற்கு மாநிலம் தரம் மாறிவிடலாகாது என்பதற்காக அதே ஆண்டில் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு அமைக்கப்பெற்றது. மத்திய, மாநில அரசுகளின் பிரதிநிதிகளோடு, முதலாளிகளின் அமைப்புகளும் தொழிலாளர் அமைப்புகளும் துறை வல்லுநர்களும் அதில் இடம்பெற்றனர். பாடத்திட்டம், பயிற்சிக் காலம், தேர்வு முறை ஆகியவற்றில் அரசுக்கு ஆலோசனை கூறுவது அதன் பணி. சென்னையில் வாங்கிய சான்றிதழ் பம்பாயிலும் மதிக்கப்பட்டது இந்த ஏற்பாட்டினால்தான்.

அரசுக்கு இத்தகைய குழு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எத்தனை நிலையங்கள், எத்தனை இடங்கள் என்பதை அதிகாரிகள் அறிவர். பட்டறையில் பழைய லேத் போய்க் கணினியால் இயங்கும் இயந்திரம் வந்துவிட்டது என்பதை, அங்கே நிற்பவரே முதலில் அறிவார். இன்று சேரும் பிள்ளை ஓராண்டோ ஈராண்டோ கழித்துத்தான் வேலை தேடி வெளியே வருகிறான். அப்போது எந்தத் திறனுக்குத் தேவை இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்க, தொழிலுக்குள் இருப்போரின் சொல் வேண்டியிருக்கிறது.

2008இல் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் தோன்றிய பின்னர் இவ்வேற்பாடு வேறு உருவம் பெற்றது. வாகனம், கட்டுமானம், ஆடை, தோல் என்று ஒவ்வொரு துறைக்கும் தனித்தனித் திறன் மன்றங்கள், தொழில்துறையினரின் தலைமையில் அமைந்தன. தோல் துறையின் மன்றம் நம் சென்னையிலேயே உள்ளது. ஒரு வேலையைச் செய்பவர் என்னென்ன அறிந்திருக்க வேண்டும், எவ்வளவு நேர்த்தியாகச் செய்ய வேண்டும் என்பதை இம்மன்றங்கள் எழுத்தில் வடித்தன. இதனால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருபது ஆண்டுகளாகத் தோல் வெட்டித் தைக்கும் ஒருவர், பயிற்சிக் கூடத்தின் வாசலை மிதிக்காதவராயினும், அத்தர அளவின்படி சோதிக்கப்பெற்றுச் சான்றிதழ் பெற வழி பிறந்தது.

எனினும் எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. 2022க்குள் ஐம்பது கோடிப் பேருக்குப் பயிற்சி என்று 2009ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை அறிவித்தது. எண்ணிக்கையை எட்டும் ஓட்டத்தில், பயிற்சிக்குப் பின் வேலை கிடைத்ததா என்ற கேள்வி பின்தங்கியது. திறன் மன்றங்களை ஆராய 2016இல் சாரதா பிரசாத் தலைமையில் குழு ஒன்றை அரசே நியமித்தது. மன்றங்களின் பணிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதையும், தரம் வகுப்போரே சான்றிதழும் வழங்குவதால் நேரும் தன்னல முரணையும் அக்குழு சுட்டிக்காட்டியது. ஒழுங்குபடுத்துவதற்கென 2018இல் தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சி மன்றம் அறிவிக்கப்பெற்று, 2020 முதல் இயங்கி வருகிறது. ஆலோசனை கூறுவோரையும் கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்பதை அரசு தாமதமாகவேனும் ஏற்றது என்றே நாம் கருதுகிறோம்.

நம்மை நேரடியாகத் தொடும் குழு ஒன்றும் உண்டு. 2005இல் அமைக்கப்பெற்று 2006 நவம்பரில் அறிக்கை அளித்த நீதிபதி சச்சார் குழு அது. முஸ்லிம்களில் மாதச் சம்பள வேலையில் இருப்போர் குறைவு, சுயதொழில் செய்வோர் மிகுதி என்று அது கண்டது. ஆகவே ஐ.டி.ஐ. சேர்க்கைக்கான தகுதியை எட்டாம் வகுப்பாகக் குறைக்க வேண்டும், சுயதொழில் செய்வோருக்கு ஏற்ற பாடப்பிரிவுகள் வேண்டும், மதரஸாவில் பயின்ற பிள்ளைகளுக்கும் வாய்ப்பளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. துறை மன்றங்கள் வேலை கொடுப்பவரிடமிருந்து கணக்கைத் தொடங்குகின்றன. சச்சார் குழுவோ வேலை செய்பவரிடமிருந்து தொடங்கியது. அந்த வேறுபாடு சிறியதன்று. பெரிய நிறுவனங்களுக்குச் சங்கம் இருக்கிறது, சங்கத்தின் பிரதிநிதி கூட்டத்தில் அமர்கிறார். செல்போன் பழுது பார்க்கும் கடைக்காரருக்கும், வீட்டிலிருந்தபடியே எம்பிராய்டரி போடும் சகோதரிக்கும், கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைக்கும் பண்டாரிக்கும் அங்கே நாற்காலி இல்லை. அவர்களுடைய தேவை எந்தக் கணக்கெடுப்பிலும் முழுமையாக ஏறுவதில்லை.

இதற்கு ஒரு வாயில் மாவட்ட அளவில் உள்ளது. 2018இல் தொடங்கிய சங்கல்ப் திட்டம், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான திறன் குழுக்கள் தத்தம் மாவட்டத்துக்குரிய திறன் திட்டத்தை வகுப்பதற்கு ஊக்கம் தந்தது. அக்குழுவிடம் வெறும் கோரிக்கை மனுவாகக் கொடுத்தால் அது கோப்பில் கிடக்கும். எண்ணிக்கையோடு சென்றால் பேசுவதற்கு இடம் உண்டு.

எனவே நிர்வாகக் குழுவின் இசைவுடன் படிவம் ஒன்றைத் தயாரித்துள்ளோம். வீட்டில் பதினைந்து வயது முதல் முப்பத்தைந்து வயது வரை உள்ளோர் எத்தனை பேர், என்ன படித்துள்ளனர், என்ன தொழில் செய்கின்றனர், எந்தப் பயிற்சி கிடைத்தால் சேர்வார்கள் என்பவையே கேள்விகள். பெண்களுக்கும் தனி வரிசை உண்டு. அதை வெற்றாக விட்டுவிட வேண்டாம். வருமானம் பற்றி எதுவும் கேட்கவில்லை. படிவங்கள் வெளியே மேசைமீது உள்ளன. நிரப்பியவற்றை அடுத்த மாத இறுதிக்குள் ஜமாஅத் அலுவலகத்தில் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொள்கிறோம். தொகுத்த கணக்கை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன் இதே இடத்தில் உங்கள் முன்னிலையில் வாசிப்போம்.