பத்தாயிரம் பட்ஜெட், ரெண்டு ஸ்பீக்கர், ஒரு தறிக்குழி

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்வி: "ப்ரோ, பட்ஜெட் பத்தாயிரம், எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?" சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் ஏமாந்த கதையைக் கேட்டுடுங்க.

எங்க வீடு காஞ்சிபுரம். கூடத்துல பாதி இடம் தறிக்குத்தான். முதல் வேலை கிடைச்ச வருஷம், அப்பா நெய்யும்போது பாட்டு கேட்கட்டும்னு ஒரு 5.1 செட் வாங்கினேன். டப்பா மேல "10000 வாட்ஸ் பிஎம்பிஓ"ன்னு பெருசா போட்டிருந்தது. அதைச் சொருகின 5 ஆம்பியர் பிளக்ல மொத்தமா வரக்கூடியதே 1150 வாட்ஸ்தான். இன்ஜினியரிங் படிச்ச எனக்கு அந்தப் பெருக்கல்கூட அன்னைக்குத் தோணல. பிஎம்பிஓ யாரும் எப்படி வேணா போட்டுக்கிற நம்பர். ஆர்எம்எஸ் வாட்ஸ் மட்டும் பாருங்க.

கொஞ்ச நாள்ல அப்பா சொன்னார், "சத்தம் கேட்குதுடா, வார்த்தை புரியல." அவருக்குக் காது மந்தமாயிடுச்சுன்னே நாங்க முடிவு பண்ணிட்டோம். நாலு மாசம் வீட்ல எல்லாரும் அவர்கிட்ட கத்தித்தான் பேசினோம். கடைசியில டெஸ்ட் எடுத்தா, வயசுக்குரிய குறைவு மட்டும்தான். அன்னைக்கு ராத்திரி தறிக்குழியில அவர் இடத்துல உட்கார்ந்து கேட்டேன். எனக்கும் வார்த்தை புரியல. மூலையில சப்வூஃபர் கும்கும்னு அடிக்குது, குரல் வர வேண்டிய குட்டி ஸ்பீக்கர்கள்ல உயிரே இல்ல.

அதனால முதல் விஷயம்: காசு கம்மின்னா ஆறு டப்பா வேணாம், ரெண்டு போதும். நாம கேட்கிற பாட்டு பெரும்பாலும் ரெண்டு சேனல்தான். ஆம்ப் உள்ளேயே இருக்கிற பவர்டு புக்‌ஷெல்ஃப் வாங்கினா தனி ஆம்ப் செலவும் மிச்சம்.

கடையில கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. சத்தம் கொஞ்சம் கூடினாலே அந்த ஸ்பீக்கர்தான் நல்லா இருக்கிற மாதிரி தோணும். ரெண்டையும் ஒரே அளவுக்கு வெச்சுக் கேளுங்க. கனடாவோட தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில்ல ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கரைக் கண்ணுக்குத் தெரியாம மறைச்சு வெச்சு ஆட்களைக் கேட்க வெச்சார். பெரும்பாலானவங்களுக்குப் பிடிச்சது எந்த ஸ்வரத்தையும் தூக்காம அமுக்காம சீரா கொடுக்கிற ஸ்பீக்கர்தான். பேஸ் பாட்டு வேணாம், நல்லாத் தெரிஞ்ச குரலை எடுத்துட்டுப் போங்க. நான் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துட்டுப் போனது 1978-ல வந்த 'ப்ரியா' படப் பாட்டு. தமிழ்ல ஸ்டீரியோ பதிவோட ஆரம்ப காலப் படம் அது.

வாங்கினது எடிஃபையர் ஆர்1280டி. 42 வாட்ஸ் ஆர்எம்எஸ், 4 இன்ச் வூஃபர். வீடு அதிர்ற பேஸ் வராது, அதை ஒத்துக்கிட்டு வாங்குங்க. ட்வீட்டர் சில்க் டோம். அதாவது பட்டு! அப்பா வலையைக் கழட்டிப் பார்த்து, "பட்டுக்குக் கஞ்சி போட்டிருக்கானே"ன்னார். கரெக்ட்தான், அந்தத் துணி மேல ஒரு பூச்சு உண்டு. ஆனா விரலை நீட்டினார் பாருங்க, நான் கத்தின கத்துல தெருவே திரும்பிச்சு. டோமை மட்டும் தொட்டுடாதீங்க, அமுங்கிடும்.

அடுத்தது வைக்கிற இடம். இதுக்கு ஒரு பைசா செலவில்ல, ஆனா வித்தியாசம் இதுலதான் அதிகம். ட்வீட்டர் காது உயரத்துல இருக்கணும். குழித்தறியில கால் குழிக்குள்ள போயிடும், ஆள் தரையோட தரையா இருப்பார். அதனால அலமாரி மேல வைக்காம ரெண்டு முக்காலி போட்டு, சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி, அவர் பக்கமா திருப்பி வெச்சேன்.

முதல் பாட்டு ஓடினப்போ அப்பா நாடாவை நிறுத்திட்டு, "இப்ப ஏன்டா கத்திப் பேசுற?"ன்னு கேட்டார். பழக்கதோஷம்.

ஒரே ஒரு சிக்கல். கோர்வைப் புடவைன்னா பக்கத்துல இன்னொரு ஆள் வேணும், எங்க வீட்ல அது அம்மா. "எனக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கேட்குது"ங்கிறாங்க. அந்த நாள்ல போன் செட்டிங்ஸ்ல மோனோ ஆடியோவை ஆன் பண்ணிடுறேன்.