ஒரு தறப்பாளும் இரண்டு குடும்பங்களும்



சில மாதங்களுக்கு முன்பு என்னிடம் உயர்தரத்தில் தமிழ் கற்ற மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவன், மனிதாபிமான உதவி நிறுவனம் ஒன்றில் ஆறு மாதப் பயிலுநர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தான். நேர்முகப் பரீட்சைக்கு ஐந்து நாட்களே இருந்தன. "சேர், நீங்கள் கேள்வி கேளுங்கோ. நான் பதில் சொல்லிப் பாக்கிறன்" என்றான்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் நினைக்கலாம். நானும் அவ்வாறே நினைத்தேன், அவன் கையிலிருந்த தாளைப் பார்க்கும்வரை. செஞ்சிலுவை இயக்கம் 1965 இல் வியன்னாவில் ஏற்றுக்கொண்ட ஏழு அடிப்படைக் கோட்பாடுகள் அதில் இருந்தன. மனிதாபிமானம், பாரபட்சமின்மை, நடுநிலைமை என்று தொடரும் பட்டியலை மனனஞ் செய்திருந்தான். பின்னைய இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று கேட்டேன்.

"ரண்டும் ஒண்டுதானே சேர்."

ஒன்றல்ல. பொருதும் தரப்புகளில் எதனோடும் சேராதிருத்தல் நடுநிலைமை. இனம், மதம், உறவு பாராது, தேவை மிகுந்தவருக்கு முதலிற் கொடுத்தல் பாரபட்சமின்மை. திருக்குறளின் 12 ஆம் அதிகாரம் நடுவு நிலைமை என்று பெயர் பெற்றிருப்பதால் நமக்கு இம்மயக்கம் எளிதில் நேர்கிறது. பகைவர், அயலார், நண்பர் என்னும் மூவரிடத்தும் அறம் வழுவாது ஒப்ப நிற்றல் என்பதே பரிமேலழகர் அதற்குத் தரும் பொருள். ஆகவே வள்ளுவரின் நடுவு நிலைமை இப்பட்டியலின் இரண்டாவது சொல்லுக்கே அண்மையானது.

பின்பு நானாக ஒரு கேள்வியை உண்டாக்கினேன். "ஒரு தறப்பாள்தான் மிச்சம். ஒரு பக்கம் உன்னுடைய பெரியம்மா. மறுபக்கம் முன்பின் தெரியாத ஒரு தாய், கையிலே குழந்தை. ஆருக்குக் குடுப்பாய்?"

"அந்தத் தாய்க்கு" என்று உடனே சொன்னான். பிறகு, "சேர் எண்டால் என்ன செய்வியள்?" என்றான்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளுக்குப் பின், கரையோரப் பாடசாலையொன்றில் நானும் மாணவத் தொண்டனாகப் பாய் பகிர்ந்தேன். கடைசி இரண்டு பாய்களை மேசையின் கீழ் ஒளித்து வைத்தேன், சித்தப்பா குடும்பத்துக்காக. வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவர் வெறுங்கையோடு போனார். எவருக்கும் தெரியாத அதனை அன்று அவனுக்குச் சொன்னேன்.

சற்றுநேரம் பேசாதிருந்தான். 2009 இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது அவனுக்கு எட்டு வயது. "தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் முதல்லை போகும் சேர். அம்மா ஒண்டும் கதைக்கமாட்டா. வெறும் வாளியோடை திரும்பி வருவா."

இதை அங்கே சொல் என்றேன். "என்ரை கஷ்டத்தைக் காட்டி வேலை கேக்கிற மாதிரியெல்லோ இருக்கும்" என்று தயங்கினான். அவன் தயக்கம் நியாயமானது. கஷ்டத்தை விடு, வரிசையில் கண்டதைச் சொல் என்றேன். பெயர்ப்பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டிருந்ததா, பகிர்ந்தவர் யாருடைய உறவினர், பின்னால் நின்றவர்கள் யார். அன்று மாலைவரை அதைத்தான் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். ஏழு கோட்பாடுகளையும் மறந்துபோனோம்.

பதவி கிடைத்தது. சம்பளமில்லை, போக்குவரத்துப் படி மட்டும். முதல் வாரம் நிவாரணப் பட்டியலைச் சரிபார்க்கக் கொடுத்தார்களாம். ஒரே குடும்பம் இரண்டு தடவை பதியப்பட்டிருப்பதைக் கண்டதாகத் தொலைபேசியில் சொன்னான். அவர்கள் யாருடைய ஆட்கள் என்று நான் கேட்கவில்லை.