வெட்டுவது பெண்ணின் கை. கட்டளை யாருடையது?

(பிப்ரவரி 6, பெண் உறுப்புச் சிதைப்புக்கு எதிரான உலக நாளையொட்டி மதுரையில் நடந்த மகளிரணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு காலத்துல நம்ம உசிலம்பட்டிப் பக்கம் பிறந்த பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் ஊத்துனது யாரு? பெரும்பாலும் வீட்டுக் கிழவிதான். "பொம்பளைக்குப் பொம்பளையே எதிரி"ன்னு ஊரே பேசுச்சு. நகையும் ரொக்கமும் கேட்ட மாப்பிள்ளை வீட்டை யாராவது கேட்டாங்களா? அதை மனசுல வச்சுக்கிட்டு, இதைக் கேளுங்க.

நம்ம நாட்டில் தாவூதி போரா சமூகத்தில், ஏழு வயதுச் சிறுமியின் பிறப்புறுப்பில் ஒரு பகுதியை வெட்டும் வழக்கம் இருக்கிறது. 'கத்னா' என்று பெயர். மிட்டாய் வாங்கித் தர்றேன்னு கூட்டிட்டுப் போறது அம்மா, இல்லைன்னா பாட்டி. காரணம் கேட்டா "மரபு"ங்கறாங்க. "பொண்ணுக்கு ஆசை அடங்கணும்"ங்கறாங்க. யாருக்காக அடங்கணும்?

அப்போ அந்தப் பெண்கள் இதை விரும்புறாங்களா? 'சாகியோ' அமைப்பு 385 போரா பெண்களிடம் இணையம் வழியாகக் கேட்டு, 2017-ல் முடிவை வெளியிட்டது. 80 சதவீதம் பேர், தங்களுக்கு இது நடந்ததாகச் சொன்னார்கள். 81 சதவீதம் பேர், இது தொடரக் கூடாது என்றார்கள். வலியை அனுபவிச்சவங்களே வேண்டாம்னு சொல்றாங்க. ஆனா "ஊர் ஒதுக்கிருமோ"ங்கற பயம் வாயைக் கட்டிப் போடுது.

இதை வச்சு ஒரு மதத்தையே தூற்ற வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய முஸ்லிம்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவர்களிலும் செய்கிறவர்கள் உண்டு. உலகில் 23 கோடிக்கும் அதிகமான பெண்கள் இந்தக் கொடுமையைச் சுமக்கிறார்கள் என்கிறது யுனிசெஃப். இதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்ததும் போரா பெண்களேதான்.

2017-ல் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அதிகாரப்பூர்வ புள்ளிவிவரம் எதுவும் இல்லை என்றது ஒன்றிய அரசு. கணக்கெடுக்காம எப்படிக் கணக்கு இருக்கும்? 2018-ல் வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதே ஆண்டு இலங்கை சுகாதார அமைச்சகம், மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. இங்கே இதற்கென்று தனிச் சட்டம் இல்லை.

நாம் கேட்பது மூன்று: தனிச் சட்டம், முறையான கணக்கெடுப்பு, வாய் திறக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பு.

பாட்டியைத் திட்டிட்டுப் போயிராதீங்க, உறவுகளே. அவங்களும் ஒரு நாள் ஏழு வயசுப் பிள்ளையா அழுதவங்கதான். அந்த அழுகை நம்ம தலைமுறையோட நிக்கட்டும்.