தார் முடிஞ்சா நடங்க

சேலத்துலேர்ந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. பைக் ஓட்டுறவங்களுக்குச் சொர்க்கம்தான். பிரச்சினை, தார் முடியுற இடத்துல ஆரம்பிக்குது.

சேர்வராயன் மலையில காபித் தோட்டங்களுக்கு நடுவுல போற ஒத்தையடிப் பாதைகள், மலையாளிப் பழங்குடி மக்கள் வேலைக்கு நடந்து போற வழி. தலைச்சுமையோட எதிர்ல வர்ற அக்காவுக்கு ஒதுங்க இடமிருக்காது.

ஊர்க்காரர் வீட்டுக்கு மெதுவா பைக்குல போறது வேற; நாம த்ரில்லுக்காக முறுக்குறது வேற. ஈர மண்ணுல டயர் பதிச்ச தடம், அடுத்த மழைக்கு வாய்க்காலாகும். மண் அரிச்சிட்டுப் போகும். நடக்குறவங்களுக்குக் கால் வழுக்கும்.

தமிழக அரசு 2024-ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு தொடங்கின 40 பாதைகளும் வழிகாட்டியோட நடக்கத்தான். அதனால, தார் முடிஞ்சா வண்டியை ஓரங்கட்டுங்க. மிச்சத்தை நடந்தே பாருங்க.