தாமதமாக வந்த படகுகள்



அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-இல் தொடங்கி 1865-இல் முடிந்தது. வடக்கும் தெற்குமாகச் சுமார் 6,20,000 படைவீரர்கள் மாண்டார்கள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. இன்னும் கூடுதல் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. நோய் கொண்டுபோனவர்கள் போக, தலைவர்களின் தவறான முடிவுகளுக்குப் பலியானவர்கள் ஏராளம். கெட்டிஸ்பர்கில் சுமார் 12,500 பேரைத் திறந்தவெளியில் பீரங்கிகளுக்கு நேரே நடக்கவிட்டார் தென்தரப்புத் தளபதி லீ. கோல்ட் ஹார்பரில் வடதரப்புத் தளபதி கிராண்டும் அப்படித்தான். ஃபிராங்க்ளினில் ஒரே மாலையில் தன் தளபதிகள் ஆறு பேரைப் பறிகொடுத்தார் தென்தரப்பின் ஹூட்.

இவர்கள் எல்லோரைப் பற்றியும் பேச இந்த நேரம் போதாது. நான் நெடுஞ்சாலைத் துறையில் பாலம் கட்டிக் காலம் கழித்தவன். போர் வரலாறு படிக்கும்போதும் என் கண் பாலத்தையும் சுரங்கத்தையும்தான் தேடும். இரண்டும் ஒரே தளபதியின் கதையில் வருகின்றன. வடதரப்புத் தளபதி ஆம்ப்ரோஸ் பர்ன்சைடு.

பர்ன்சைடு கெட்ட மனிதர் அல்ல. படையின் தலைமைப் பொறுப்பைத் தர அதிபர் லிங்கன் முன்வந்தபோது, அவ்வளவு பெரிய படையை நடத்தும் திறமை தனக்கில்லை என்று இரண்டு முறை மறுத்தவர். 1862 நவம்பரில் அது உத்தரவாகவே வந்தது. ஏற்றுக்கொண்டார். விரைவாக ஒரு திட்டமும் போட்டார். எதிரியின் தலைநகரான ரிச்மண்டுக்குப் போகும் வழியில் ஃபிரெடரிக்ஸ்பர்க் என்ற ஊர். ஊருக்கு முன்னால் ராப்பஹானக் ஆறு. தென்தரப்புத் தளபதி லீயின் படை இரண்டாகப் பிரிந்து தள்ளித் தள்ளி நின்றது. அது ஒன்றுசேர்வதற்குள் ஆற்றைக் கடந்துவிட வேண்டும். திட்டத்தின் உயிரே வேகம்தான். லிங்கனும், வேகமாகப் போனால்தான் இது பலிக்கும் என்று சொல்லித்தான் ஒப்புதல் தந்தார்.

நவம்பர் 17-ஆம் தேதியே முன்னணிப் படை அக்கரைக்கு எதிரே வந்து சேர்ந்துவிட்டது. ஊரில் காவலுக்கு இருந்தது சின்னஞ்சிறு படை. ஆனால் ஆற்றில் பாலம் இல்லை. பழைய பாலங்களை ஏற்கெனவே அழித்துவிட்டார்கள். படகுகளை வரிசையாக நிறுத்தி, மேலே பலகை போட்டுத் தற்காலிகப் பாலம் கட்ட வேண்டும். அந்தப் படகுகள் வரவில்லை.

ஏன் வரவில்லை? நேயர்களே, இந்தப் போரிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். படகுகள் போட்டோமாக் ஆற்றின் மேல்பகுதியில், பெர்லின் என்ற சிற்றூரில் கிடந்தன. அனுப்பி வையுங்கள் என்ற உத்தரவு நவம்பர் 6-ஆம் தேதி எழுதப்பட்டது. தந்தி வசதி இருந்தும் அதைச் சாதாரணத் தபாலில் போட்டார்கள். போய்ச் சேர்ந்தது 12-ஆம் தேதி. பிறகு வாஷிங்டனில் வண்டி ஏற்பாடு, குதிரை ஏற்பாடு என்று நாள் கழிந்தது. புறப்பட்டதும் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் வண்டி நகரவில்லை. கடைசியில் தண்ணீர் வழியாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அவை வந்து சேர்வதற்குள், அக்கரை மேட்டில் லீயின் பாதிப்படை ஏறி உட்கார்ந்துவிட்டது. சில நாட்களில் மீதிப்படையும் வந்துவிட்டது.

படகு தாமதமானது முழுக்க பர்ன்சைடின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் குற்றம். எதற்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாரோ, அந்தக் காரணமே இப்போது இல்லை. ஆனாலும் அதே இடத்தில்தான் கடப்பேன் என்று நின்றார்.

என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காவிரி டெல்டாவில் ஒரு கிளையாற்றின் மேல் பாலம். தூண்கள் எழும்பிவிட்டன. மேல்தளத்துக்கு கான்கிரீட் போட, ஆற்று மணலில் சாரம் நிறுத்தியிருந்தோம். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. கம்பி வர ஒரு மாதத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது. இரவு பகலாகப் பார்த்தால் முடித்துவிடலாம் என்று இளைஞர்கள் நாங்கள் துடித்தோம். ஒப்பந்ததாரரும் அதையே சொன்னார். மேலதிகாரி வந்தார். கரையில் நின்று மேஸ்திரியிடம், தளம் வார்த்தபின் சாரத்தைப் பிரிக்க எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார். பிறகு எங்களிடம், “தம்பி, நாம் போட்ட திட்டம் கம்பி வரவேண்டிய அன்றைக்கே முடிந்துபோச்சு. சாரத்தைப் பிரிங்க. தை பிறந்து பார்க்கலாம்” என்றார். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஊர்க்காரர்கள் ஏசுவார்கள் என்றும் அவருக்குத் தெரியும். அப்படியும் சொன்னார். பர்ன்சைடின் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்திருக்கக் கூடாதா என்று படிக்கும்போதெல்லாம் ஏங்குகிறேன்.

ஒருவருமே சொல்லவில்லை என்றும் இல்லை. தளபதிகள் சிலர் எச்சரித்தார்கள். ஆனால் தலைநகரம் அவசரப்படுத்தியது, செய்தித்தாள்கள் காத்திருந்தன, குளிர்காலமும் நெருங்கிவிட்டது.

டிசம்பர் 13. படை ஆற்றைக் கடந்துவிட்டது. மேரி மேடு என்ற குன்றின் அடிவாரத்தில் தாழ்ந்த சாலை ஒன்று. அதை ஒட்டி மார்பளவுக்குக் கற்சுவர். சுவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் துப்பாக்கிகள், மேலே பீரங்கிகள். எதிரே மறைவே இல்லாத வயல், நடுவில் ஓர் ஆழமான வாய்க்கால். மதியத்திலிருந்து இருட்டும்வரை படைப்பிரிவு மாற்றிப் படைப்பிரிவு போனது. ஐரிஷ் பிரிகேடு என்ற அயர்லாந்து வீரர்களின் பிரிவும் போனது. அவர்களுடைய பச்சைக் கொடிகளில் பெரும்பாலானவை கிழிந்துபோய் நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டிருந்தன. புதியவை வந்து சேரவில்லை. அதனால் ஆளுக்கொரு பச்சைத் தழையைத் தொப்பியில் செருகிக்கொண்டு நடந்தார்கள். சுமார் 1,200 பேர் போனதில் 500-க்கும் மேற்பட்டவர்கள் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். அன்று முழுவதும் வடதரப்பில் ஒருவர்கூட அந்தச் சுவரை எட்டவில்லை. அந்தச் சண்டையில் வடக்குக்குச் சேதம் சுமார் 12,600 பேர். தெற்குக்கு 5,300 அளவில். மறுநாள் தானே முன்னால் நின்று இன்னொரு தாக்குதல் நடத்துவேன் என்றார் பர்ன்சைடு. கீழிருந்த தளபதிகள்தான் தடுத்தார்கள்.

இனிச் சுரங்கத்துக்கு வருகிறேன். நேரம் ஓடுகிறது, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

1864 கோடை, பீட்டர்ஸ்பர்க் முற்றுகை. பர்ன்சைடு இப்போது தலைமைத் தளபதி அல்ல. ஒரு படைக்கூறுக்கு மட்டும் பொறுப்பாளர். அவருக்குக் கீழே பென்சில்வேனியா 48-ஆம் படைப்பிரிவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பலர் இருந்தார்கள். அவர்களை நடத்திய ஹென்றி பிளசென்ட்ஸும் பொறியாளர். எதிரியின் கோட்டைக்கு அடியில் சுரங்கம் வெட்டி வெடிவைக்கலாம் என்றார். இவ்வளவு நீளத்துக்குக் காற்று போகாது, நடக்காத காரியம் என்றார்கள் ராணுவப் பொறியாளர்கள். சாமான்கூடச் சரியாகத் தரவில்லை. வீரர்கள் பிஸ்கட் பெட்டிகளில் மண்ணைச் சுமந்தார்கள். அளவெடுக்கும் பழைய தியோடலைட் கருவி ஒன்றை வாஷிங்டனிலிருந்து தருவித்துக் கொடுத்தவர் பர்ன்சைடுதான்; அந்தப் பெருமை அவருக்கு உரியது.

காற்றுக்கு பிளசென்ட்ஸ் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். சுரங்கத்தின் வாய்ப்பக்கத்தில் மேல்நோக்கி ஒரு புகைபோக்கி தோண்டி, அதன் அடியில் நெருப்பு மூட்டினார். சூடான காற்று மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் கெட்ட காற்றை இழுத்துக்கொண்டு போகும். வாசலைக் கதவால் அடைத்து, தரையோடு ஒரு மரக்குழாயைக் கடைசிவரை ஓட்டினார். வெளிக்காற்று அதன் வழியாக, ஆட்கள் வெட்டுகிற இடத்துக்கே வந்து சேரும். 511 அடி நீளம்! 8,000 பவுண்டு வெடிமருந்து. ஜூலை 30 அதிகாலையில் திரி வைத்தும் வெடிக்கவில்லை. இரண்டு வீரர்கள் உள்ளே தவழ்ந்துபோய், ஒட்டுப்போட்ட இடத்தில் அணைந்திருந்த திரியை மறுபடி பற்றவைத்துவிட்டு வந்தார்கள். 4:44 மணிக்குக் கோட்டை வானத்துக்குப் போனது.

இவ்வளவு அருமையான வேலையை வீணாக்கிய முடிவு முந்தைய நாளே எடுக்கப்பட்டுவிட்டது. வெடியால் உண்டாகும் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு முன்னேறக் கறுப்பின வீரர்களின் டிவிஷன் ஒன்று தனியே பயிற்சி பெற்றிருந்தது. தோற்றால் அவர்களை வேண்டுமென்றே பலிகொடுத்ததாகப் பேச்சு வரும் என்று பயந்து, வேறு டிவிஷனை அனுப்பச் சொன்னார் மேலதிகாரி மீட். கிராண்டும் ஆமோதித்தார். யாரை அனுப்புவது? பர்ன்சைடு சீட்டுப் போட்டுப் பார்த்தார். லெட்லி என்ற டிவிஷன் தளபதியின் பெயர் வந்தது. தன் ஆட்கள் முன்னேறியபோது அந்த லெட்லி பின்னால் பதுங்குகுழியில் மது அருந்திக்கொண்டிருந்தார். பயிற்சியும் இல்லை, வழிநடத்த ஆளும் இல்லை. வீரர்கள் பள்ளத்தைச் சுற்றிப் போகாமல் அதற்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். எதிரி மேலே விளிம்பில் நின்று சுட்டான். கறுப்பின டிவிஷனைக் காலம் கடந்து அனுப்பினார்கள். அவர்களில் சரணடைந்த பலரையும் தென்தரப்பினர் கொன்றார்கள். வடக்குக்குச் சேதம் 3,800 பேர் அளவில். முதல் திட்டப்படி விட்டிருந்தால் தாக்குதல் வென்றிருக்கும் என்று பின்னாளில் நாடாளுமன்றக் குழுவின் முன் கிராண்டே சொன்னார்.

பர்ன்சைடு சீட்டுக் குலுக்கியதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை நேயர்களே. ஆளைத் தேர்ந்தெடுப்பதுதானே அவருடைய வேலை?

நேரம் முடிகிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அந்த நெருப்பையும் மரக்குழாயையும் ஒரு தாளில் வரைந்து, காற்று எந்தப் பக்கம் ஓடும் என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். வரைந்ததை நிலையத்துக்கு அனுப்புவீர்கள் என்று நம்புகிறேன்.