வரி இல்லை என்றால் வருமானம் இல்லையா?
(நெய்வேலி டவுன்ஷிப்பில் வணிகர்கள், மாணவர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மார்க்கும் இருக்கிறது. ஆனால் உதவித்தொகை மனு திரும்பி வருகிறது. காரணம் கேட்டால், 'உங்கள் குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது' என்கிறார்கள். 'நான் வருமான வரியே கட்டுவதில்லையே, எப்படித் தாண்டும்?' என்று தகப்பனார் கேட்கிறார். இந்தக் கேள்வியில்தான் நம் மக்கள் சறுக்குகிறார்கள்.

வரி வரம்பு வேறு, உதவித்தொகை வரம்பு வேறு. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை சாதாரண வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் கல்வி உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. மத்திய அரசின் சிறுபான்மையினர் உதவித்தொகையில் மெட்ரிக்குக்கு மேற்பட்ட படிப்புக்கு 2 லட்சம் என்றே கோடு போட்டிருந்தார்கள். மத்தியக் கல்வி அமைச்சகம் கல்லூரி மாணவர்களுக்குத் தரும் தகுதி உதவித்தொகைக்கு நாலரை லட்சம். ஐ.ஐ.டி.யில் ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஆக, வரித்துறை உங்களை ஏழை என்று விட்டுவிடலாம். உதவித்தொகை அலுவலகம் விடாது!

நம் கடைக்காரர் ஒருவரின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மந்தாரக்குப்பத்தில் கடை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு 30 லட்சம் விற்றுமுதல், எல்லாம் ரொக்கம். சிறு வணிகருக்கான உத்தேச வரி முறையில் 8 சதவீதம் லாபம் என்று காட்டுகிறார். 2 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. கோட்டுக்குள்தான் இருக்கிறார். ஆனால் அவருக்கு வங்கியில் 2 லட்சம் டெபாசிட் இருக்கிறது. 7 சதவீத வட்டி என்றால் 14 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் 2 லட்சத்து 54 ஆயிரம்! நாலாயிரம் ரூபாயில் பிள்ளையின் உதவித்தொகை போய்விட்டது. ஒரு பைசா வரி கட்டவில்லை என்பது இங்கே எடுபடாது.

'ஐயா, நான் அந்த வட்டியைத் தொடுவதே இல்லை. நமக்குத்தான் அது ஆகாதே' என்று அவர் சொல்லுவார். உண்மைதான். நம்மில் பலர் வங்கி வரவு வைக்கும் வட்டியை நன்மையை நாடாமல் யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் சட்டத்துக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. உங்கள் பான் எண்ணில் அது உங்கள் வருமானமாகவே பதிவாகிறது. நீங்கள் உண்ணாத வட்டிக்காக உங்கள் பிள்ளை உதவித்தொகையை இழக்கிறான். இதைவிடப் பரிதாபம் வேறு என்ன இருக்கிறது? வட்டி வேண்டாம் என்பவர், கடைப் பணத்தை வட்டியே தராத நடப்புக் கணக்கில் வைத்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

இன்னொரு தவறான எண்ணம்: வங்கி வரி பிடித்தது போக மீதிதான் வருமானம் என்பது. அப்படியல்ல. 2025 ஏப்ரல் முதல், மூத்த குடிமக்கள் அல்லாதவருக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50 ஆயிரத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். 60 ஆயிரம் வட்டியில் 6 ஆயிரம் பிடித்தாலும் உங்கள் வருமானம் 60 ஆயிரம்தான். வரி பிடிக்க வேண்டாம் என்று படிவம் எழுதிக் கொடுத்தவருக்கும் அதே கதைதான். ஐந்தாண்டு டெபாசிட்டில் வட்டி கடைசியில் மொத்தமாக வரும், அதுவரை வருமானம் இல்லை என்று நினைக்கிறோம். வங்கியோ ஆண்டுதோறும் சேர்ந்த வட்டியைக் கணக்கில் காட்டிவிடுகிறது. மைனர் பிள்ளையின் பெயரில் போட்டால் தப்பலாமா? அதுவும் பெற்றோரில் அதிக வருமானமுள்ளவர் கணக்கில்தான் சேரும்.

இந்த ஊரில் ஓய்வு பெறுபவர்கள் அதிகம். என்.எல்.சி.யில் கையில் வந்த தொகையை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போடுகிறார்கள். 2023 ஏப்ரலிலிருந்து கணவன் மனைவி கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். 7.4 சதவீதத்தில் போட்டவருக்கு மாதம் 9,250. ஆண்டுக்கு 1 லட்சத்து 11 ஆயிரம். வீட்டு வாடகையும் வந்தால் இரண்டரை லட்சம் எட்டாத தூரமில்லை. நிலத்துக்கு இழப்பீடு வாங்கி வங்கியில் போட்ட குடும்பங்களுக்கும் இதே நிலைதான். அதே பணம் நகையாக இருந்தால் ஆண்டு வருமானம் எதுவும் இல்லை! நியாயமா என்றால் நியாயமில்லை. அமெரிக்காவில் மாணவர் உதவிக்கு வருமானத்தோடு வங்கி இருப்பு, பங்குகளையும் சேர்த்துக் கேட்கிறார்கள். நம் நாட்டு உதவித்தொகைகள் பெரும்பாலும் வருமானத்தை மட்டுமே பார்க்கின்றன.

இட ஒதுக்கீட்டுக் கணக்கோ இதிலிருந்து மாறுபட்டது. தமிழகத்தில் 2007 முதல் நமக்குள்ள மூன்றரை சதவீதத்துக்கு 'கிரீமிலேயர்' கிடையாது. ஆனால் மத்திய கல்வி நிறுவனங்களில் ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்கு 2017 முதல் 8 லட்சம் வரம்பு. இதில் 1993-ஆம் ஆண்டு ஆணைப்படி சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் மற்ற வருமானத்தோடு சேர்க்கக் கூடாது. வட்டி, வாடகை, கடை லாபம் ஆகியவை தொடர்ந்து மூன்று ஆண்டும் வரம்பை எட்டினால்தான் தகுதி போகும். பொதுத்துறையில் தகப்பனார் அதிகாரிப் பதவியில் இருந்தால் பதவியின் தரத்தையும் பார்ப்பார்கள். சம்பளத்தைக் கூட்டிச் சான்றிதழை மறுத்தால், இந்த ஆணையைச் சொல்லி எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள்.

கடன் வாங்க வேண்டும் என்றால் வங்கியில் ஆறு லட்சம் வருமானம் காட்டுகிறோம். உதவித்தொகை என்றால் வட்டாட்சியரிடம் ஒரு லட்சம் என்கிறோம். முன்பு இரண்டு காகிதமும் ஒன்றையொன்று சந்திக்காது. இப்போது பான், ஆதார் எல்லாம் இணைந்து கிடக்கின்றன. பொய்ச் சான்று பிடிபட்டால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். கூனிக் குறுகி நிற்பது படிக்கிற பிள்ளை.

வரம்பைத் தாண்டிவிட்டோம் என்று சோர்ந்து விடவும் வேண்டாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகைக்கு வருமான வரம்பு இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை வீட்டில் இருக்கிறதா? வருமான வரித்துறை இணையதளத்தில் உங்கள் பான் எண்ணுக்குரிய ஆண்டுத் தகவல் அறிக்கையை இப்போதே எடுத்துப் பாருங்கள். எந்த வங்கி எவ்வளவு வட்டி என்று அதில் இருக்கும். அதைப் பார்த்த பிறகு இ-சேவை மையத்துக்குப் போங்கள்.